கேசிங்கில் பள்ளம் வெட்டினால் ஸ்டால் தள்ளிப்போகுமா? – எம்.டெக் ப்ராஜெக்ட், புதுச்சேரி

காலாப்பட்டு_காற்று | திங்கள், இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். புதுச்சேரியில் எம்.டெக் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் லேபில் பழைய ஒற்றை ஸ்டேஜ் ஆக்சியல் கம்ப்ரஸர் ரிக் (காற்றை அச்சுத் திசையில் தள்ளி அழுத்தும் மெஷினின் சோதனை அமைப்பு) ஒன்று தூசி படிந்து கிடக்கிறது. கேசிங் உள்விட்டம் 450 மி.மீ., ஹப் விட்டம் அதில் பாதி, ரோட்டாரில் 12 பிளேடு. மோட்டார் 2400 ஆர்.பி.எம். வரை தாங்கும். ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்ததில் டிப் கிளியரன்ஸ் (பிளேடு நுனிக்கும் கேசிங்குக்கும் இடையிலுள்ள சந்து) சுமார் 2.5 மி.மீ. இருக்கிறது.

கேசிங் ட்ரீட்மென்ட் எடுத்துக்கொள் என்று கைடு சொல்லிவிட்டார். அதாவது கேசிங்கின் உள்சுவரில் பள்ளமோ ஸ்லாட்டோ வெட்டி, ஸ்டாலை (காற்று பிளேடை ஒட்டி ஓடாமல் பிரிந்து ஓட்டம் குலைவதை) தள்ளிப்போடுவது. கட்டுரைகளைப் படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. ஒருவர் ஸ்டால் மார்ஜின் (ஓடும் புள்ளிக்கும் ஸ்டாலுக்கும் உள்ள இடைவெளி) 3% கூடியது என்கிறார், இன்னொருவர் 30% என்கிறார். ஒருவர் எஃபிஷியன்சி குறையவே இல்லை என்கிறார், அடுத்தவர் இரண்டு பாயின்ட் போனது என்கிறார்.

கேட்க நினைப்பது இதுதான்: கேசிங்கைச் சுற்றி வளையமாகப் பள்ளம் வெட்டுவதா, சாய்ந்த ஸ்லாட் வெட்டுவதா? முதலில் சி.எஃப்.டி. (கம்ப்யூட்டரில் காற்றோட்டக் கணக்கு) செய்வதா, நேராக ரிக்கில் இறங்குவதா? மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் இந்த அளவுக்கு ரிங் கடைந்து தரும் லேத் பட்டறை யாருக்காவது தெரியுமா?

---

கெடிலக்கரை | திங்கள், இரவு 10:25

தம்பி, தியரியை மற்றவர்கள் சொல்வார்கள். நான் விசிறிக்காரன். அனல் மின் நிலையத்தில் பாய்லருக்குக் காற்றைத் தள்ளும் எஃப்.டி. ஃபேன், புகையை இழுக்கும் ஐ.டி. ஃபேன் பராமரிப்பிலேயே சர்வீஸ் முடிந்து, இப்போது கடலூரில் ஓய்வாக இருக்கிறேன்.

பெரிய ஆக்சியல் ஃபேன் ஸ்டால் ஆவதை ஒரு தடவை கேட்டால் மறக்காது. சீரான இரைச்சல் போய் டக்ட் முழுக்க உறுமல் எழும். வைப்ரேஷன் ஏறும், மோட்டார் கரண்ட் இறங்கும். இரண்டு ஃபேன் இணையாக ஓடும்போது ஒன்று இப்படி ஆனால், மற்றது அதன் பங்கையும் சேர்த்து இழுக்கப் பார்க்கும். ஃபர்னஸ் பிரஷர் ஆட ஆரம்பித்தால் கன்ட்ரோல் ரூமில் யாரும் நாற்காலியில் உட்கார மாட்டார்கள்.

ஆனால் நாங்கள் தேடிப் போகும்போது கோளாறு பெரும்பாலும் ஃபேனில் இருக்காது. ஏர் ப்ரீஹீட்டரில் (பாய்லருக்குப் போகும் காற்றைச் சூடாக்கும் கருவி) சாம்பல் அடைத்திருக்கும். அடைப்பு கூடக் கூட அதே அளவு காற்றைத் தள்ள அதிகப் பிரஷர் வேண்டும். ஃபேன் ஓடுகிற புள்ளி கொஞ்சம் கொஞ்சமாக ஸ்டால் கோட்டை (தாண்டினால் ஸ்டால் ஆகும் எல்லை) நோக்கி ஏறிப் போயிருக்கும், ஒரு நாள் லோடு ஏற்றும்போது கோட்டைத் தாண்டிவிடும். ப்ரீஹீட்டருக்குள் இருக்கிற பாஸ்கெட்டைக் கழுவினால் ஃபேன் "குணமாகிவிடும்".

இன்னொன்று, நின்றிருக்கிற இரண்டாவது ஃபேனைச் சேர்ப்பது. பிளேடை மூடி வைத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஓடிக்கொண்டிருக்கிற ஃபேனின் பிரஷர், ஸ்டால் கோட்டின் மிகத் தாழ்ந்த இடத்துக்கும் கீழே வரும்வரை லோடைக் குறைத்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டால் புதிதாகச் சேர்கிற ஃபேன் ஸ்டாலிலேயே மாட்டிக்கொண்டு வெளியே வராது.

உங்கள் கேள்விக்கு ஒட்டுகிற விஷயம் ஒன்று. இம்பெல்லருக்குச் சற்று முன்னால், கேசிங் சுவரை ஒட்டி, பீட்டர்மேன் புரோப் என்று ஒன்று வைத்திருப்போம். நல்ல ஓட்டத்தில் காற்று நேராக உள்ளே வரும். ஸ்டால் தொடங்கினால் கேசிங் ஓரத்துக் காற்று ரோட்டாரோடு சேர்ந்து சுற்ற ஆரம்பிக்கும், புரோபின் இரண்டு துளைகளுக்கும் நடுவே பிரஷர் வித்தியாசம் தெரியும், அலாரம் அடிக்கும். புரோபை நடு டக்டில் வைக்காமல் சுவரோரம் ஏன் வைக்கிறார்கள் என்று யோசியுங்கள்.

---

சுழலி | திங்கள், இரவு 11:50

சார் சுவரோரம் என்று நிறுத்திய இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். சொந்த ஊர் திருப்பாதிரிப்புலியூர், இப்போது பெங்களூரில் டர்போமெஷினரி சி.எஃப்.டி. வேலை.

பிளேடு நுனிக்கும் கேசிங்குக்கும் இடையிலுள்ள சந்து வழியாக, பிளேடின் பிரஷர் பக்கத்திலிருந்து சக்‌ஷன் பக்கத்துக்குக் காற்று கசிகிறது. அப்படிக் கசிந்த காற்று சுருண்டு டிப் வோர்ட்டெக்ஸ் ஆகிறது. முன்னாலிருந்து வரும் காற்றும் இந்தக் கசிவும் மோதுகிற இடத்தில் கேசிங் சுவரில் ஓர் எல்லைக்கோடு உருவாகும். த்ராட்டிலை (ஓட்டத்தைக் குறைக்கும் வால்வை) மூட மூட உள்ளே வரும் காற்றின் வேகம் குறைகிறது, பிளேடின் மேல் லோடு கூடுகிறது, கசிவு வலுக்கிறது. அந்தக் கோடு முன்னோக்கி நகர்ந்து நகர்ந்து பிளேடின் முன்விளிம்பான லீடிங் எட்ஜுக்கு வந்து நிற்கும்.

2008-இல் வோ, டான், க்ரைட்ஸர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதற்கு இரண்டு அடையாளங்கள் சொன்னார்கள். ஒன்று, கசிவு அடுத்த பிளேடின் லீடிங் எட்ஜுக்கு முன்னால் வழிவது. இரண்டு, பின்விளிம்பான ட்ரெய்லிங் எட்ஜ் பக்கத்தில் நுனியோரக் காற்று பின்னோக்கித் திரும்பி உள்ளே வருவது. இரண்டும் சேர்ந்தால் ஸ்பைக் வகை ஸ்டால். கேம்பிரிட்ஜில் ஐவர் டே 1993-இல் வெளியிட்ட அளவீடுகளில், ஸ்டாலுக்குப் போக இரண்டு வழி உண்டு என்று தெளிவாகக் காட்டினார். ஒன்று இந்த ஸ்பைக்: ஓரிரு பிளேடு அகலத்தில் திடீரென்று முளைக்கும், ரோட்டார் வேகத்தில் முக்கால்வாசி அளவில் சுற்றத் தொடங்கும். மற்றது மோடல்: வட்டம் முழுக்கப் பரவிய மெல்லிய அலை, மெதுவாக வளரும், சுமார் பாதி வேகத்தில் சுற்றும்.

பள்ளம் என்ன செய்கிறது? பிளேடின் பிரஷர் பக்கத்துக்கு மேலே இருக்கும்போது காற்று பள்ளத்துக்குள் ஏறுகிறது, சக்‌ஷன் பக்கத்துக்கு மேலே வெளியே இறங்குகிறது. இந்த ஏறி இறங்கும் போக்குவரத்தில் கசிவின் முன்னோக்கிய உந்தம் கொஞ்சம் கரைகிறது. எல்லைக்கோடு லீடிங் எட்ஜை அடைவது தாமதமாகிறது. ஷபீரும் ஆடம்சிக்கும் 2005-இல் கேசிங்கை ஒட்டிய காற்றுக்கு ஆக்சியல் உந்தக் கணக்கு போட்டே இதைக் காட்டியிருக்கிறார்கள்.

சாய்ந்த ஸ்லாட் இன்னும் முரட்டுத்தனமானது. பிளேடு பாதையின் பின்பக்கம் பிரஷர் அதிகம், முன்பக்கம் குறைவு. ஸ்லாட் இரண்டையும் இணைப்பதால் பின்னாலிருந்து காற்றை உறிஞ்சி முன்னால் பீய்ச்சுகிறது. ஸ்டால் மார்ஜின் நன்றாகக் கூடும், எஃபிஷியன்சியிலும் நன்றாக வாங்கிக்கொள்ளும். அதிகம் கொடுப்பது அதிகம் எடுக்கும் என்பதை ஜப்பானில் தகாதா குழுவினர் 1970, 80-களிலேயே பல வடிவங்களைப் போட்டு வரைந்து காட்டிவிட்டார்கள்.

இதெல்லாம் தற்செயலாகக் கிடைத்தது என்பது எனக்குப் பிடித்த பகுதி. 1960-களின் கடைசியில் நாசாவுக்காக ஜெனரல் எலெக்ட்ரிக்கில் கேசிங் துளைகள் வழியாகக் காற்றை ஊதியும் உறிஞ்சியும் சோதனை செய்தார்கள். ஊதுவதை நிறுத்திய பிறகும் துளையுள்ள கேசிங் ஸ்டாலைத் தள்ளிப்போட்டது. அதிலிருந்துதான் தேன்கூடு, ஸ்லாட், பள்ளம் என்று வரிசையாகச் சோதிக்க ஆரம்பித்தார்கள்.

சி.எஃப்.டி. பற்றி நாளை எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

---

சந்தேகப்பிராணி | செவ்வாய், காலை 7:15

எல்லாம் சரி. 450 மி.மீ. கேசிங், 225 ஹப் என்றால் பிளேடு உயரம் 112.5 மி.மீ. அதில் 2.5 மி.மீ. கிளியரன்ஸ் என்பது 2.2%. இது ஏற்கெனவே தாராளம். கிளியரன்ஸை 1 மி.மீ.-க்குக் கொண்டுவந்தாலே ஸ்டாலும் தள்ளிப்போகும், எஃபிஷியன்சியும் ஏறும். பிளேடு உயரத்தில் 1% கிளியரன்ஸ் கூடினால் எஃபிஷியன்சியில் ஒன்று முதல் இரண்டு பாயின்ட் போகும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் கைவசம் வைத்திருக்கிற கணக்கு. சந்தைப் பெரிதாக விட்டுவிட்டு அதன் மேல் பள்ளமும் வெட்டி "முன்னேற்றம்" என்று தீசிஸ் எழுதுவது நியாயமா?

அரை நூற்றாண்டாகக் கட்டுரை வந்துகொண்டே இருக்கிறது. அந்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் பறக்கிற இன்ஜின்களில் இது ஏறியது சொற்பம். ஏன் என்று யாராவது சொல்லுங்கள்.

---

உப்புக்காற்று | செவ்வாய், காலை 8:05

பதில் நீங்கள் சொன்ன கிளியரன்ஸிலேயே இருக்கிறது சந்தேகப்பிராணி. புது மெஷினில் 1 மி.மீ. வைக்கலாம். ஓடிய மெஷினில் அது நிற்குமா? ஸ்டார்ட் ஆகும்போது பிளேடும் டிஸ்க்கும் கேசிங்கும் ஒரே வேகத்தில் சூடாவதில்லை. கேசிங் முட்டை வடிவத்துக்குப் போகும், ஒரு பக்கம் உரசும், உரசிய இடத்தில் அப்ரேடபிள் பூச்சு தேயும். தேய்ந்தது தேய்ந்ததுதான். பள்ளத்தின் உண்மையான லாபம், கிளியரன்ஸ் கூடும்போது கம்ப்ரஸர் அவ்வளவாகக் கெட்டுப்போகாமல் இருப்பது என்று நான் நினைக்கிறேன்.

நான் கடலோரத்தில் கேஸ் டர்பைன் ஓட்டுகிறவன். எங்களுக்கு எதிரி உப்பு. ஃபில்டரைத் தாண்டி வருகிற உப்பும் தூசியும் முன் ஸ்டேஜ் பிளேடுகளில் படியும், ஓட்டம் குறையும், பிரஷர் ரேஷியோ இறங்கும், சர்ஜ் (மெஷினில் காற்று முழுவதும் முன்னும் பின்னும் அலைமோதுவது) கோட்டுக்கு இருக்கிற தூரமும் சுருங்கும். நிறுத்திக் கழுவினால் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். இதற்கு யாரும் கேசிங்கை வெட்டுவதில்லை. ஸ்டார்ட் ஆகும்போது ப்ளீட் வால்வைத் திறக்கிறோம், ஐ.ஜி.வி.யை (நுழைவாயிலில் காற்றின் திசையை மாற்றும் தகடுகளை) திருப்புகிறோம், காரியம் நடக்கிறது. காரைக்காலில் 32.5 மெகாவாட் கேஸ் நிலையம் இருக்கிறது, அங்கே வேலை பார்க்கிறவர்கள் யாராவது இந்த இழையில் இருந்தால் அவர்கள் அனுபவத்தையும் எழுதலாம்.

---

சந்தேகப்பிராணி | செவ்வாய், காலை 8:20

அதாவது வால்வும் ஐ.ஜி.வி.யும் இருக்கும்போது பள்ளம் தேவையில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள்.

---

உப்புக்காற்று | செவ்வாய், காலை 8:31

தரையில் நிற்கிற மெஷினுக்குப் பெரும்பாலும் தேவையில்லை என்கிறேன். ப்ளீட் என்றால் அழுத்திய காற்றை வெளியே விடுவது, திறந்திருக்கும்வரை நஷ்டம். திடீர் த்ராட்டிலும் வளைந்த இன்லெட்டும் உள்ள போர் விமானத்துக்குக் கணக்கு வேறு.

---

வில்லியனூர்_விசிறி | செவ்வாய், பகல் 1:10

ஃபேன் உலகத்தில் இது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறதே, யாரும் சொல்லவில்லையே! சுரங்கப்பாதை வென்டிலேஷன் ஃபேன்களில் ஆன்டி-ஸ்டால் ரிங் என்று கேட்டு வாங்குகிறார்கள். மெட்ரோ ரயில் சுரங்கத்துக்குள் வரும்போது முன்னாலிருக்கிற காற்றைத் தள்ளிக்கொண்டு வரும். அந்தப் பிரஷர் அலை ஃபேனை அடித்தால் ஃபேன் ஒரு நொடியில் ஸ்டாலுக்குள் தள்ளப்படும். அதற்காக இம்பெல்லருக்கு முன்பக்கம் கேசிங்கை அகலப்படுத்தி, உள்ளே ஒரு வளையமும் நிறைய சிறு தகடுகளும் வைத்திருப்பார்கள். ஸ்டாலான காற்று சுழன்றுகொண்டே முன்னால் வழியும்போது அந்த அறைக்குள் போகும். தகடுகள் சுழற்சியை நிறுத்தி, நேராக்கி, மறுபடியும் இம்பெல்லருக்கு முன்னால் விடும்.

ஃபேன் கர்வில் (ஓட்டத்துக்கு ஏற்ப பிரஷர் மாறுவதைக் காட்டும் வரைபடத்தில்) நடுவே இருக்கிற பள்ளத்தாக்கு கிட்டத்தட்ட மறைந்துவிடும். எஃபிஷியன்சி கொஞ்சம் போகும், சத்தமும் கூடலாம். வாங்குகிறவர் சம்மதித்துத்தான் வாங்குகிறார், தீப்பிடித்த நேரத்தில் ஃபேன் நிற்கக் கூடாது என்பதுதான் அவர் கவலை. ஆகவே "சொற்பம்" என்பது விமான இன்ஜினுக்கு மட்டும் பொருந்தும்.

ரிங் கடைய: 450 மி.மீ. விட்டத்துக்குப் பெரிய லேத் வேண்டும், எல்லாப் பட்டறையிலும் இருக்காது. தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் இரண்டிலும் நேரில் போய் ஸ்விங் (லேத்தில் சுற்றக்கூடிய அதிகபட்ச விட்டம்) எவ்வளவு என்று கேளுங்கள். கூடவே டிராயிங் எடுத்துப் போங்கள், வாயால் சொன்னால் வேலை வாயால் சொன்ன மாதிரிதான் வரும்.

---

சுழலி | செவ்வாய், இரவு 9:30

சந்தேகப்பிராணியின் முதல் கேள்வி நல்ல கேள்வி, அதையே ப்ராஜெக்டாக ஆக்கலாம். அதற்கு முன் சி.எஃப்.டி.

வளையப் பள்ளம் சுற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறது. ரோட்டார் சுற்றினாலும் அது பார்க்கிற வடிவம் மாறாது. அதனால் ஒரே ஒரு பிளேடு பாதையை எடுத்து, ஸ்டெடியாக (நேரத்தோடு மாறாத ஓட்டமாக) ஓட்டினால் போதும், நல்ல லேப்டாப்பிலோ டிபார்ட்மென்ட் ஒர்க்ஸ்டேஷனிலோ முடியும். ஸ்லாட் அப்படியில்லை. பிளேடு ஒவ்வொரு ஸ்லாட்டையும் தாண்டும்போது ஓட்டம் மாறும், அதுதான் அதன் வேலையே. அன்ஸ்டெடியாக ஓட்டாமல் ஸ்லாட்டைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. உங்களுக்கு இருக்கிற அவகாசத்தில் பள்ளமே போதும்.

மெஷ்ஷில் (கணக்குக்காக இடத்தைச் சிறு செல்களாகப் பிரிப்பதில்) கஞ்சத்தனம் செய்யக்கூடாத இடம் டிப் கேப். அந்த 2.5 மி.மீ.-க்குள் குறைந்தது பதினைந்து இருபது செல் வேண்டும். பள்ளத்தைத் தனி பிளாக்காக மெஷ் செய்து ஒட்டினால், மெஷ் ஒன்றை வைத்தே பள்ளம் உள்ளது, இல்லாதது இரண்டையும் ஓட்டலாம். பள்ளத்துக்காக மெஷ்ஷை முழுக்க மாற்றினால், கிடைக்கிற வித்தியாசம் பள்ளத்தாலா மெஷ்ஷாலா என்று தெரியாமல் போகும்.

உங்கள் ரிக்கைத் தொடுவதற்கு முன் வெளியே டேட்டா உள்ள ஒரு ரோட்டாரில் கை பழகுங்கள். நாசா ரோட்டார் 67 (22 பிளேடு, பிரஷர் ரேஷியோ 1.63, ஓட்டம் சுமார் 33 கி.கி./நொடி) அல்லது ரோட்டார் 37 (36 பிளேடு, 2.106, சுமார் 20 கி.கி./நொடி). ரோட்டார் 37-ஐ 1994-இல் விடையை மறைத்து வைத்துப் பல குழுக்களுக்குக் கொடுத்தார்கள். வந்த விடைகளின் சிதறலைப் பாருங்கள், சி.எஃப்.டி. மேல் அளவான மரியாதை வரும்.

கடைசியாக, கணக்கு கன்வெர்ஜ் ஆகாமல் (ஒரு விடையில் நிலைக்காமல்) நின்ற இடத்தை "ஸ்டால் புள்ளி" என்று எழுதாதீர்கள். அது சால்வர் நின்ற இடம். இரண்டும் அருகருகே இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒரே செட்டிங்கில் இரண்டு கேசிங்கையும் ஓட்டி, வித்தியாசத்தை மட்டும் பேசுங்கள். அந்த எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று கேசிங் மேல் வரைந்து காட்டுங்கள். அது ஒற்றை எண்ணை விட அதிகம் சொல்லும்.

---

காலாப்பட்டு_காற்று | செவ்வாய், இரவு 10:05

மிக்க நன்றி அக்கா, நன்றி சார். ஒரு சந்தேகம். 3% என்கிறவரும் 30% என்கிறவரும் வேறு வேறு கம்ப்ரஸரைச் சொல்கிறார்களா, வேறு வேறு கணக்கா?

---

சுழலி | செவ்வாய், இரவு 10:40

பாதி நேரம் கணக்குதான் வேறு. வழக்கமான சூத்திரம்: ஸ்டால் புள்ளியின் பிரஷர் ரேஷியோவை டிசைன் புள்ளியின் ரேஷியோவால் வகுத்து, டிசைன் ஓட்டத்தை ஸ்டால் ஓட்டத்தால் வகுத்து, இரண்டையும் பெருக்கி, ஒன்றைக் கழிப்பது.

கற்பனை எண் போட்டுப் பார்ப்போம். டிசைனில் ஓட்டம் 20, ரேஷியோ 2.00. வழவழப்பான கேசிங்கில் ஸ்டால் 18.5-இல், ரேஷியோ 2.05. மார்ஜின் 10.8%. பள்ளம் வெட்டிய பிறகு ஸ்டால் 18.0-இல், ரேஷியோ 2.06. மார்ஜின் 14.4%. இப்போது இதை "3.6 பாயின்ட் கூடியது" என்றும் எழுதலாம், "மார்ஜின் 33% கூடியது" என்றும் எழுதலாம். ஸ்டால் ஓட்டம் மட்டும் எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் 2.7%. மூன்றும் பொய்யில்லை. மூன்றையும் ஒரே பட்டியலில் போட்டு ஒப்பிடுகிற ரிவியூ கட்டுரைகள்தான் படிக்கிறவரைக் குழப்புகின்றன.

உங்கள் ரிக்கில் டிப் வேகம் சுமார் 56 மீ./நொடிதான். பிரஷர் ரேஷியோ ஒன்றை ஒட்டியே இருக்கும். ஃப்ளோ கோஎஃபிஷியன்ட், பிரஷர் ரைஸ் கோஎஃபிஷியன்ட் (ஓட்டத்தையும் பிரஷர் ஏற்றத்தையும் டிப் வேகத்தோடு ஒப்பிட்ட எண்கள்) இரண்டையும் வைத்தே பேசுங்கள்.

---

உப்புக்காற்று | புதன், காலை 6:50

அதோடு வெயிலையும் கணக்கில் எடுங்கள் தம்பி. மே மாதம் 38 டிகிரியில் ஒரு கேசிங்கும், டிசம்பர் மழையில் 26 டிகிரியில் இன்னொன்றும் ஓட்டினால், கரெக்டட் ஸ்பீடே (வெப்பநிலைக்குத் திருத்திய வேகம்) சுமார் 2% மாறிவிடும். நீங்கள் தேடுகிற வித்தியாசமே அந்த அளவுதான்.

---

சந்தேகப்பிராணி | புதன், காலை 7:30

56 மீட்டர் டிப் வேகத்தில் மாக் நம்பர் 0.16-ஐ ஒட்டி இருக்கும், அங்கே கரெக்டட் ஸ்பீடைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. அக்கா சொன்ன கோஎஃபிஷியன்டில் எழுதினால் வெப்பநிலை அடர்த்தி வழியாக மட்டுமே நுழையும், அதைத் திருத்திவிடலாம். ஆனால் ஒரே நாளில் மாற்றி மாற்றி ஓட்டுவது நல்லதுதான்: வழவழப்பு, பள்ளம், மறுபடி வழவழப்பு. இரண்டு வழவழப்பு ரன்னும் ஒத்துப்போகாவிட்டால் நடுவில் உள்ளதற்கு மதிப்பில்லை.

அப்புறம், நான் எதிர்பார்த்த கேள்வி இன்னும் வரவில்லை. உங்கள் ரோட்டார் நுனியில்தான் ஸ்டால் ஆகிறது என்று யார் சொன்னது?

---

காலாப்பட்டு_காற்று | புதன், காலை 9:10

யாரும் சொல்லவில்லை சார். கிளியரன்ஸ் பெரிதாக இருப்பதால் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

---

சுழலி | புதன், இரவு 9:15

ப்ராஜெக்டின் முதல் வேலை அதுதான். க்ரைட்ஸரும் உடன் இருந்தவர்களும் 1979-இல் ஒரே ரோட்டாரில் பிளேடு நெருக்கத்தை மாற்றிச் சோதித்தார்கள். பிளேடுகள் நெருக்கமாக இருந்தபோது ஸ்டால் கேசிங் ஓரத்தில் தொடங்கியது, பள்ளமிட்ட கேசிங் நன்றாக உதவியது. நெருக்கத்தைக் குறைத்தபோது பிளேடே ஸ்டால் ஆனது, அதே கேசிங்கால் பெரிய பயன் இல்லை. சுவரோரத்தில் நோய் இல்லாத ரோட்டாருக்குச் சுவரில் மருந்து போட்டு என்ன பயன்?

450 விட்டத்துக்கு 12 பிளேடு என்பது நெருக்கமா தளர்வா என்று கார்டு (பிளேடின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை) நீளம் தெரியாமல் சொல்ல முடியாது. நுனியில் பிளேடுக்குப் பிளேடு தூரம் சுமார் 118 மி.மீ. வருகிறது. கார்டு 60 மி.மீ. என்றால் சாலிடிட்டி (கார்டை அந்தத் தூரத்தால் வகுத்தது) அரைதான். அப்படியானால் பிளேடு ஸ்டாலுக்கு நிறையவே வாய்ப்பு இருக்கிறது, இந்தச் சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். கார்டு எவ்வளவு?

---

காலாப்பட்டு_காற்று | வியாழன், பிற்பகல் 3:20

இன்று அளந்தேன் அக்கா. நுனியில் 95 மி.மீ., ஹப்பில் 80.

---

சுழலி | வியாழன், இரவு 8:50

அப்படியென்றால் நுனியில் சாலிடிட்டி 0.8. நடுத்தரம். நம்பிக்கை வைக்கலாம், ஆனால் அளந்து பார்த்துவிட்டு.

ரோட்டாருக்குப் பின்னால் ஹப்பிலிருந்து கேசிங் வரை புரோபை நகர்த்தி, நல்ல ஓட்டத்திலும் ஸ்டாலுக்குச் சற்று முன்னாலும் டோட்டல் பிரஷர் எடுங்கள். ஸ்டாலை நெருங்கும்போது நுனிப் பக்கம் மட்டும் சரிகிறதா, உயரம் முழுக்கச் சரிகிறதா, ஹப் மூலையில் சரிகிறதா என்பது தெரிந்துவிடும். ஸ்டேட்டர் ஹப்பில் கம்பளி நூல் ஒட்டிப் பார்ப்பது பழைய முறை, இப்போதும் வேலை செய்யும்.

கூடவே லீடிங் எட்ஜுக்கு முன்னால், கேசிங்கைச் சுற்றி, ஆறு முதல் எட்டு சென்ஸார். உங்களுக்கு விலை உயர்ந்த கூலைட் பிரஷர் சென்ஸார் வேண்டாம். பிரஷர் சில நூறு பாஸ்கல்தான், நல்ல மைக்ரோஃபோனே எடுக்கும், குறைந்த அதிர்வெண்ணில் எவ்வளவு தூரம் நம்பலாம் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 2400 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 40 சுற்று, பிளேடு தாண்டும் அதிர்வெண் 480 ஹெர்ட்ஸ். முழு ஸ்டால் செல் (வட்டத்தில் சுற்றி ஓடும் ஸ்டால் பகுதி) 20 ஹெர்ட்ஸை ஒட்டித் தெரியும், ஸ்பைக் முளைக்கும்போது 30-ஐ ஒட்டி. நொடிக்குப் பத்தாயிரம் சாம்பிள் தாராளம். சென்ஸார்களைச் சம தூரத்தில் வைக்காமல் கொஞ்சம் முன்பின்னாக வைத்தால் செல் ஒன்றா இரண்டா என்ற குழப்பம் குறையும்.

சர்ஜ் வருமா என்று காத்திருக்க வேண்டாம். பின்னால் பெரிய கொள்ளளவு இருந்தால்தான் அது. உங்கள் வேகத்துக்கும் டக்டுக்கும் க்ரைட்ஸரின் பி எண் (சர்ஜா, சுழலும் ஸ்டாலா என்று சொல்லும் எண்) சிறிதாகவே வரும், சுழலும் ஸ்டாலோடு நின்றுவிடும்.

---

காலாப்பட்டு_காற்று | வெள்ளி, இரவு 10:15

கைடிடம் பேசிவிட்டேன். இப்படி ஒத்துக்கொண்டார்: முதலில் வழவழப்பான கேசிங்கில் ஸ்டால் எங்கே தொடங்குகிறது என்று அளப்பது. நுனியில்தான் என்றால் 2.5 மி.மீ., 1 மி.மீ. இரண்டு கிளியரன்ஸிலும், பள்ளத்தோடும் பள்ளம் இல்லாமலும், ஆக நான்கு கேசிங். நுனியில் இல்லை என்றால் அதையே முடிவாக எழுதுவது, அப்போது சி.எஃப்.டி. பகுதி பெரிதாகும்.

1 மி.மீ. கிளியரன்ஸுக்கு பிளேடு நுனியில் 3டி பிரின்ட் செய்த துண்டு ஒட்டலாம் என்று நண்பன் சொல்கிறான். சரியாக வருமா?

---

கெடிலக்கரை | வெள்ளி, இரவு 10:22

ஒட்டவே ஒட்டாதீர்கள். 2400 ஆர்.பி.எம்.-இல் அந்த ஆரத்தில் ஒரு கிராம் துண்டு சுமார் பதினான்கு நியூட்டனில் வெளியே இழுக்கும். பசை விட்டால் துண்டு பறக்கும், ரோட்டார் பேலன்ஸும் போகும். ரிங்கைத்தான் மாற்ற வேண்டும். அக்ரிலிக் ரிங் என்றால் வெளியே இரும்புப் பாதுகாப்பு உறை போட்ட பிறகே மோட்டாரைத் தொடுங்கள்.

---

சந்தேகப்பிராணி | சனி, காலை 7:40

ரிங்கை மாற்றினால் இன்னொரு சிக்கல். நுனி விட்டம் 445, கிளியரன்ஸ் 1 மி.மீ. என்றால் ரிங் உள்விட்டம் 447. முன்னால் டக்ட் 450. ரோட்டாருக்கு முன்னால் 1.5 மி.மீ. படி ஒன்று உருவாகும், சுவரோரக் காற்று அதில் இடறும். நாம் அளக்கப் போவதே சுவரோரக் காற்றைத்தான். படியை அப்படியே விடாமல் முன்னால் நீளமாகச் சரித்துக்கொண்டு வாருங்கள். பின்பக்கமும் அப்படியே.

ரோட்டார் மையம் கேசிங் மையத்தில் இருக்கிறதா என்று எட்டு இடத்தில் கேஜ் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் 0.6, மறுபக்கம் 1.4 என்றால் சராசரி 1 என்று எழுதிக்கொள்வதில் அர்த்தமில்லை.

---

வில்லியனூர்_விசிறி | சனி, காலை 11:05

தம்பி, டிராயிங்கில் ரிங்கின் முதுகுப்பக்கம் ஓ-ரிங்குக்கு இரண்டு காடி போடுங்கள், முன்விளிம்பில் ஒன்று, பின்விளிம்பில் ஒன்று. ரிங்குக்கும் வெளிக் கேசிங்குக்கும் நடுவே மெல்லிய சந்து இருக்கத்தான் செய்யும். ரோட்டாருக்குப் பின்னால் பிரஷர் அதிகம், முன்னால் குறைவு. பின் இணைப்பில் நுழைகிற காற்று ரிங்கின் முதுகு வழியாக ஓடி முன் இணைப்பில் வெளியே வரும். நீங்கள் வெட்டாத ஸ்லாட் ஒன்று தானாக வேலை செய்யும், லாபத்தைப் பள்ளத்தின் பெயரில் எழுதிவிடுவீர்கள்.

ஒவ்வொரு ரிங்கையும் பொருத்திய பிறகு முன், பின் இணைப்புகளை உள்பக்கமாக மெழுகால் அடைத்து வழித்துவிட்டு ஒரு ரன், மெழுகு இல்லாமல் ஒரு ரன் ஓட்டிப் பாருங்கள். ஸ்டால் புள்ளி இரண்டிலும் ஒரே இடத்தில் விழுந்தால் ரிங் சரி. தட்டாஞ்சாவடியில் 500 ஸ்விங் லேத் உள்ள பட்டறை ஒன்று கிடைத்தது, முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.